நிரலுக்கு ஒரு பதிப்பு, தரவுக்கு வேறொரு பதிப்பு

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்படும் என்று 2019 ஜனவரி 8 அன்று அறிவிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி, அதே ஆண்டு நவம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் 34ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு நான்கு நாள் முன்பு தென்காசியும், அடுத்த மூன்று நாள்களுக்குள் திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவையும் தனி மாவட்டங்களாயின. பத்தாண்டுக்கும் மேலாக 32 என்று நிலைத்திருந்த எண்ணிக்கை எட்டே நாள்களில் 37 ஆகி, 2020 டிசம்பரில் மயிலாடுதுறை சேர்ந்தபோது 38 ஆனது. நிர்வாக வரலாற்றில் இது வழக்கமான நிகழ்வுதான். ஆனால் மாவட்டங்களின் பட்டியலைத் தன் உடலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்த ஒவ்வொரு கணினி நிரலும், தன் தர்க்கத்தில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லாத நிலையிலும், அந்த எட்டு நாள்களில் தவறான விடை சொல்லும் நிரலாக மாறிப்போயிற்று. நிரலைத் தொடாமலே நிரல் கெடுவது எப்படி என்ற கேள்விக்கு மென்பொருள் துறை பல பத்தாண்டுகளாகத் தேடிக் கண்ட விடை, நிரலையும் அது பயன்படுத்தும் தரவையும் தனித்தனிப் பொதிகளாகக் கட்டி, இரண்டுக்கும் வெவ்வேறு பதிப்பெண் இடுவது என்பதாகும்.

பல மென்பொருள்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் ஒரு வேலையை ஒருமுறை எழுதிவைத்து, வேண்டியவர்கள் தங்கள் மென்பொருளோடு இணைத்துக்கொள்ளும்படி வழங்கப்படும் நிரல் திரட்டை நிரல் நூலகம் என்பர். ஒரு முகவரியைப் படித்து, அதில் உள்ள ஊர் எந்த வட்டத்தையும் எந்த மாவட்டத்தையும் சேர்ந்தது என்று சொல்லும் நூலகம் ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். கூரியர் நிறுவனத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் அதுவே போதும். அந்த நூலகத்துக்குள் இரண்டு வேறுபட்ட பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, முகவரியை வரி வரியாகப் பிரிப்பது, எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு ஊர்ப்பெயரை இனங்காண்பது, பட்டியலில் தேடுவது ஆகிய செய்முறை. மற்றொன்று, எந்த ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது என்ற பட்டியல். முன்னதை எழுதுபவர் நிரலாளர். பின்னதை மாற்றுபவர் அரசாணையில் கையெழுத்திடும் அதிகாரி. இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒருவரது வேலை நாள்காட்டிக்கும் மற்றவரது வேலை நாள்காட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் மாற்றும் வீட்டில் சுவர்க் கடிகாரத்தையும் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே சட்டகத்தில் ஆணியடித்துப் பொருத்திவிட்டால் மட்டுமே அந்தத் தேவை எழும்.

பொதி என்பது நிரலையோ தரவையோ, அதன் பெயர், பதிப்பெண், அது சார்ந்திருக்கும் பிற பொதிகளின் பட்டியல் ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டிய ஒரே கோப்பு. பைதான் மொழியில் எழுதுபவர்கள் பைபிஐ என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்தும், டெபியன் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் டெபியனின் களஞ்சியத்திலிருந்தும் இத்தகைய பொதிகளை இறக்கிக்கொள்கின்றனர். மாவட்டப் பட்டியல் நூலகத்தின் பொதிக்குள்ளேயே அடைக்கப்பட்டிருந்தால், கள்ளக்குறிச்சி என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்குக்கூட நூலகம் முழுவதும் புதிய பதிப்பாக வெளிவர வேண்டும். அந்தப் பதிப்பில், இடைக்காலத்தில் நிரலாளர் செய்த வேறு மாற்றங்களும் சேர்ந்தே வரும். மருத்துவமனையின் கணினிப் பிரிவு, சோதித்துப் பார்க்காத நிரல் மாற்றம் வேண்டாம் என்று பழைய பதிப்பிலேயே நின்றால், உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து வரும் நோயாளி ஆண்டுக்கணக்கில் விழுப்புரம் மாவட்டத்துக்காரராகவே பதிவாவார். புதிய பதிப்பை ஏற்றால், பெயர் தேடும் முறை மாறியதால் வேறெங்கோ புதிய பிழை முளைக்கலாம். ஒரு வரித் தரவுக்காக ஆயிரம் வரி நிரலின் ஆபத்தைச் சுமக்க வேண்டிய இந்தக் கட்டாயம், பிரித்துப் பொதிகட்டும்போது விலகிவிடுகிறது. உரிமமும் இதில் சேரும்: நிரல் ஓர் உரிமத்தின்கீழ் வெளியாக, தரவு 2017இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் போன்ற வேறொன்றின்கீழ் இருக்கக்கூடும், இரண்டையும் ஒரே கட்டில் வைத்தால் எது எதற்குப் பொருந்தும் என்பதே குழப்பமாகும்.

எது நிரல், எது தரவு என்று வரையறுப்பது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினும் உண்மையில் வழுக்கலான இடம். அஞ்சல் குறியீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டு மாவட்டத்தைக் கணித்துவிடலாம் என்று ஒரு நிரலாளர் விதி எழுதுவது அரிதன்று. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அந்த எண்கள் அஞ்சல் பைகளைப் பிரிப்பதற்காக வகுக்கப்பட்டவை. வருவாய்த் துறையின் எல்லைகளைப் பின்பற்ற வேண்டிய கடமை அவற்றுக்கு இல்லை. கள்ளக்குறிச்சியின் எண் 606202. அதே 606 என்ற தொடக்கம் திருவண்ணாமலைக்கும் உண்டு, கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்கும் உண்டு. மறுபுறம், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இருக்கும் திருக்கோவிலூரின் எண் 605757, விழுப்புரத்தின் எண்ணைப் போல 605 என்று தொடங்குகிறது. மூன்று இலக்க விதி ஒரு மாவட்டத்தை வேறு இரண்டோடு கலந்து, அதன் ஒரு பகுதியை மூன்றாவதிடம் கொடுத்துவிடும். தேர்தல் தொகுதியைக் கொண்டு கணித்தாலும் இதே கதிதான்: 2008 மறுவரையறைக்குப் பிந்தைய கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி ஆகிய மூன்றோடு சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு ஆகிய மூன்று சட்டப்பேரவைத் தொகுதிகளும் அடங்கும். ஆக, விதியின் உருவில் நிரலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் தரவுதான் பிரிப்பதற்கு மிகக் கடினமானது. பட்டியலாக இருப்பதைப் பிரிப்பது எளிது, 'முதல் மூன்று இலக்கம் இதுவானால்' என்ற நிபந்தனை வரியாக இருப்பதைத் தரவு என்று கண்டறியவே ஒரு மாவட்டம் பிறக்க வேண்டியிருக்கிறது.

நிரல், தரவு என்ற இந்தப் பிரிவினையை நெடுங்காலமாக நடைமுறையில் வைத்திருக்கும் முன்மாதிரி, உலகக் கணினிகளில் மிகப் பல நேரம் கணிக்கப் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம். 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பின்னர் பால் எகெர்ட் பராமரித்துவரும் இத்திரட்டு, 2011 முதல் இணைய எண் ஒதுக்கீட்டு அமைப்பான ஐயானாவின் பொறுப்பில் வெளியாகிறது. இதில் நேரத்தைக் கணிக்கும் நிரல் ஒரு கட்டு. எந்த நாடு எந்த நாளிலிருந்து கிரீன்விச் நேரத்துக்கு எவ்வளவு முன்னோ பின்னோ இருந்தது என்ற தரவு தனிக் கட்டு. பதிப்பெண் ஆண்டையும் ஓர் எழுத்தையும் கொண்டது. 2022இல் மட்டும் 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு வெளியீடுகள் வந்தன. அரசுகள் நேரத்தை மாற்றும் வேகத்துக்கு இயங்குதளங்கள் புதிய பதிப்பு வெளியிட முடியாது என்பதால், மாற்றமே வேண்டாம் என்று நிலைநிறுத்தப்பட்ட டெபியனின் பதிப்புகளில்கூட இந்தத் தரவுப் பொதி மட்டும் இடையிடையே புதுப்பிக்கப்படுகிறது.

தமிழர் வாழும் நிலங்களின் வரலாறு இத்தரவில் வியப்பூட்டும் நுணுக்கத்தோடு பதிந்துள்ளது. இலங்கை மின்பற்றாக்குறையை முன்னிட்டு 1996 மே 25 அன்று தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி ஆறரை மணி முன்னிலைக்குச் சென்றது; அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அதை ஆறாகக் குறைத்தது; 2006 ஏப்ரல் 15 அன்று மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆசியா/கொழும்பு என்ற பெயரின்கீழ் இம்மூன்று மாற்றங்களும் தனித்தனி வரிகளாக நிற்கின்றன. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன என்பதை அந்த வரிகள் சொல்வதில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு நேரம் என்ற வடிவம் அதற்கு இடம் தரவில்லை. ஆசியா/கொல்கத்தா என்ற பெயரின்கீழ் 1870 முதல் 1905 முடிய ஐந்து மணி 21 நிமிடம் 10 நொடி என்ற மதராஸ் நேரம் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. உலகின் எந்த மூலையில் உள்ள கைப்பேசியும் தன்னையறியாமல் அதைச் சுமக்கிறது. 2008இல் கல்கத்தா என்ற பெயர் கொல்கத்தா என்று மாற்றப்பட்டபோது பழைய பெயர் அழிக்கப்படாமல், புதியதைச் சுட்டும் இணைப்பாக வைக்கப்பட்டது. இல்லையெனில் பழைய பெயரைக் கேட்கும் கோடிக்கணக்கான கோப்புகள் விடையின்றி நின்றிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, தரவு மேலெழுதப்படுவதில்லை என்பது. புதிய வரி வரும்போது பழைய வரி 'இந்நாள் வரை' என்ற முடிவுநாளோடு தங்கிவிடுகிறது. அதனால்தான் 1996 ஜூலையில் கொழும்பில் நடந்த ஒரு நிகழ்வின் நேரத்தை இன்றைய தரவைக் கொண்டே சரியாகக் கணிக்க முடிகிறது. தரவின் பதிப்பு வேறு, தரவு பேசும் காலம் வேறு. முன்னது அந்த வரி எப்போது எழுதப்பட்டது என்பதையும், பின்னது அந்த வரி எந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்பதையும் சொல்கிறது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடைகால நேர மாற்றத்தைத் தள்ளிவைப்பதாகத் திடீரென அறிவிக்க, அதை ஏற்று 2023-பி வெளியானது; எதிர்ப்பு எழுந்து அரசு சில நாள்களிலேயே பின்வாங்க, 2023-சி பழைய நிலைக்குத் திரும்பியது. இடையில் 2023-பி மட்டும் நிறுவிய கணினி, அந்தச் சில நாள்களுக்குப் பின்னும் தவறான நேரம் காட்டும். தமிழ்நாட்டில் இதற்கு இணையான நிகழ்வு அரியலூர்: 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. 'தொடங்கிய நாள்' என்ற ஒரே கட்டத்தை வைத்து வடிவமைத்த அட்டவணையில் அரியலூரை எழுத இடமில்லை. ஒரே பெயருக்கு இரண்டு ஆயுட்காலங்கள் இருக்கலாம் என்று அட்டவணை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

பைதான் மொழியின் வரலாறு, சேர்த்துக் கட்டுவதிலிருந்து பிரித்துக் கட்டுவதற்கு ஒரு சமூகம் நகர்ந்த பாதையைத் தெளிவாகக் காட்டுகிறது. பைடிஸட் என்ற பழைய நூலகம் நேரத் தரவைத் தன்னுள் அடைத்துக்கொண்டே வந்தது. தரவு மாறும்போதெல்லாம் நூலகமும் புதிய பதிப்பாக வந்தது. 2020இல் வெளியான பைதான் 3.9இல் ஸோன்இன்ஃபோ என்ற தொகுதி மொழியோடேயே சேர்க்கப்பட்டபோது, ஆண்டுக்கு ஒருமுறை வெளியாகும் மொழிக்குள் ஆண்டுக்குப் பலமுறை மாறும் தரவை வைப்பதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. அந்தத் தொகுதி முதலில் கணினியின் இயங்குதளத்தில் உள்ள தரவைத் தேடுகிறது. விண்டோஸ் போல அத்தகைய தரவு இல்லாத இடங்களில், டிஸட்டேட்டா என்ற தனிப் பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தப் பொதிக்குள் செய்முறை ஏதுமில்லை, தரவுக் கோப்புகள் மட்டுமே. அதன் பதிப்பெண்ணும் பைதானின் 3.9, 3.10 என்ற வரிசையைப் பின்பற்றாமல் ஆண்டைக் கொண்டு அமைகிறது.

பதிப்பெண்கள் இப்படி இருவகையாகப் பிரிவதற்குக் காரணம் உண்டு. நிரலின் பதிப்பெண்ணைப் பொதுவாக மூன்று எண்களால் எழுதுவர்: முதல் எண் மாறினால் பழைய முறையில் அழைக்கும் மென்பொருள்கள் முறியும், நடு எண் மாறினால் புதிய வசதி சேர்ந்துள்ளது, பழையது கெடாது, மூன்றாவது மாறினால் பிழை திருத்தம் மட்டுமே. இது பயன்படுத்துவோருக்கு அளிக்கப்படும் வாக்குறுதி. தரவுக்கு இந்த வாக்குறுதி பொருந்துவதில்லை. கள்ளக்குறிச்சி சேர்ந்தது புதிய வசதியா, பிழை திருத்தமா, முறிவா? பட்டியலில் ஒரு வரி கூடியதைப் பார்த்தால் சேர்க்கை. விழுப்புரத்தின் பரப்பு குறைந்ததைப் பார்த்தால், விழுப்புரம் என்று கேட்டவருக்குக் கிடைக்கும் விடையே மாறிவிட்டதால் முறிவு. எனவே தரவுக்கு நாளையே எண்ணாக இடுவது நேர்மையானது. 2019.11 என்பதும் 2020.12 என்பதும் அவை எந்த நாள்வரை அறிந்ததை வைத்துப் பேசுகின்றன என்பதைத் தவிர வேறு வாக்குறுதி எதையும் தருவதில்லை. தர முடியாததைத் தருவதாகச் சொல்வதைவிட அது மேல்.

இரண்டையும் இணைக்க மூன்றாவது எண் ஒன்று தேவைப்படுகிறது: தரவமைப்பின் பதிப்பு. அட்டவணையில் எத்தனை கட்டங்கள், அவற்றின் பெயர் என்ன, நாள் எந்த வடிவில் எழுதப்படும், முடிவுநாள் இல்லாதபோது அந்தக் கட்டம் வெறுமையாக இருக்குமா என்பவையெல்லாம் தரவமைப்பு. கள்ளக்குறிச்சிக்கான வரி, குறியீடு, பெயர், தொடக்க நாள் 2019-11-26, முடிவுநாள் வெற்று, பிரிந்த மூலம் விழுப்புரம் என்று ஐந்து கட்டங்களாக இருந்து, அடுத்த வெளியீட்டில் யாரோ 'தலைமையிடம்' என்ற கட்டத்தை நடுவில் நுழைத்துவிட்டால், இடம் எண்ணிப் படிக்கும் பழைய நிரல், தலைமையிடத்தின் பெயரைத் தொடக்க நாளாக எண்ணித் தடுமாறும். வரிகள் கூடுவதும் குறைவதும் தரவின் பதிப்பை மட்டும் மாற்ற வேண்டும். கட்டங்கள் மாறினால் தரவமைப்பின் பதிப்பு மாற வேண்டும். நிரல் தன் சார்புப் பட்டியலில் எந்தத் தரவமைப்பை அறியும் என்று மட்டுமே சொல்ல வேண்டும், எந்த மாதத் தரவு என்று சொல்லக் கூடாது. இந்த மூன்றாவது எண்ணை மறந்துவிட்டுப் பிரித்த திட்டங்கள், பிரிக்காத திட்டங்களைவிட மோசமான நிலைக்குச் சென்றதுண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தபோது குறைந்தபட்சம் ஒன்றோடொன்று பொருந்தியாவது இருந்தன.

மொழிக் கணிமையில் இதற்குச் சான்றுகள் நிறைய. இந்திய மொழி உரைகளைக் கையாள அனூப் குஞ்சுக்குட்டன் உருவாக்கிய இண்டிக் என்எல்பி நூலகத்தின் மொழி வளங்கள் தனிக் களஞ்சியத்தில் உள்ளன. பயன்படுத்துபவர் அவற்றைத் தனியே இறக்கி, எந்தக் கோப்புறையில் வைத்தார் என்பதை நூலகத்துக்குச் சொல்ல வேண்டும். ஆங்கில உரை ஆய்வுக்குப் பெயர்பெற்ற என்எல்டிகே நூலகமும் அவ்வாறே தன் தரவைத் தனியே இறக்கச் சொல்கிறது. அதில் உரையை வாக்கியங்களாகப் பிரிக்க உதவிய பங்க்ட் என்ற தரவு, பிக்கிள் எனப்படும் வடிவில் சேமிக்கப்பட்டிருந்தது. அந்த வடிவில் உள்ள கோப்பைத் திறக்கும்போதே அதனுள் ஒளிந்திருக்கும் கட்டளை இயங்கிவிடக்கூடும் என்பதால், 2024 ஆகஸ்டில் வந்த புதிய பதிப்பு அந்தத் தரவைக் கைவிட்டு, வெறும் அட்டவணைகளாக எழுதப்பட்ட பங்க்ட்-டேப் என்ற வேறொரு தரவைக் கேட்கத் தொடங்கியது. பழைய தரவை மட்டும் இறக்கிவைத்திருந்த எண்ணற்ற மென்பொருள்கள் ஒரே நாளில் 'தரவு கிடைக்கவில்லை' என்று நின்றன. தரவு என்பது செயலற்ற பொருள், ஆகவே ஆபத்தற்றது என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதற்கும் இது சான்று. தரவுப் பொதிக்குள் இயங்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பது பிரித்துக் கட்டுவதன் முதல் நிபந்தனையாக வேண்டும்.

தரவு மாற்றம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முறிவை உண்டாக்கலாம். உலக மொழிகளில் நாள், நேரம், எண் ஆகியவற்றை எழுதும் வழக்கங்களைத் திரட்டும் சிஎல்டிஆர் என்ற தரவின் 42ஆம் பதிப்பு 2022 அக்டோபரில் வெளியானபோது, ஆங்கில நேரக் குறிப்பில் எண்ணுக்கும் ஏஎம், பிஎம் என்பவற்றுக்கும் இடையே இருந்த சாதாரண இடைவெளி, வரி முறியாத குறுகிய இடைவெளியாக மாற்றப்பட்டது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அந்தத் தரவை ஏற்ற ஜாவா 20இலும் சில உலாவிகளிலும், நேரத்தைச் சாதாரண இடைவெளியைக் கொண்டு பிரித்துப் படித்த நிரல்கள் தோற்றன. அச்சுக்கலையின் நோக்கில் அந்த மாற்றம் சரியானதே. தரவைத் திருத்துபவரின் 'சரி' வேறு, தரவை நம்பி வாழ்பவரின் 'சரி' வேறு. பிரித்து வெளியிடுவதால் இந்த முரண் தீர்வதில்லை, ஆனால் எந்தப் பொதியால் முறிவு வந்தது என்பதாவது பதிப்பெண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

மீண்டும் கள்ளக்குறிச்சிக்கு வந்தால், மிகக் கடினமான கேள்வி புதிய மாவட்டத்தைப் பற்றியதன்று, பழைய மாவட்டத்தைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விழுப்புரம் 34,58,873 பேரைக் கொண்ட மாவட்டம். 2019 நவம்பருக்குப் பின்னும் விழுப்புரம் என்ற பெயரில் ஒரு மாவட்டம் இருக்கிறது, ஆனால் அது வேறொரு நிலப்பரப்பு. இன்றைய விழுப்புரத்தின் மருத்துவமனைப் படுக்கைகளை 34,58,873 என்ற எண்ணால் வகுக்கும் நிரல் எந்த எச்சரிக்கையும் காட்டாமல், நம்பத்தக்க தோற்றமுள்ள ஒரு பொய்யான விடையைத் தரும். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின் கதை இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் அதன் களப்பணி 2020இல் தொடங்கி 2021இல் முடிந்தது. அப்போது கள்ளக்குறிச்சி மாவட்டமாகிவிட்டது. ஆனால் ஆய்வின் மாதிரி, 2017 மார்ச் 31 அன்று நாட்டில் இருந்த 707 மாவட்டங்களைக் கொண்டு வகுக்கப்பட்டதால், அதன் வெளியீட்டில் கள்ளக்குறிச்சிக்கென்று ஒரு வரிகூட இல்லை; அம்மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்களின் உடல்நலக் கணக்கு விழுப்புரத்தின் சராசரிக்குள் கரைந்து கிடக்கிறது. ஆய்வு நடந்த ஆண்டைப் பார்த்து அந்த ஆண்டின் மாவட்டப் பட்டியலோடு இணைப்பவர் தவறுவார். எந்த நாளின் எல்லைகளைப் பயன்படுத்தியது என்பதைத் தரவே தன்னோடு எழுதிக்கொண்டு வந்தால்தான் தப்பலாம்.

பெயர்களை நம்புவதும் உதவாது. ரோமன் எழுத்தில் கள்ளக்குறிச்சி ஒரு 'க்' உடனும் இரண்டு 'க்' உடனும் எழுதப்படுகிறது. மலையின் பெயர் தமிழிலேயே கல்வராயன், கல்ராயன் என்று இருவகையாக வழங்குகிறது. இதற்காகத்தான் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோப்பகமான எல்ஜிடி, மாநிலம் முதல் சிற்றூர் வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை இட்டு, அதனோடு பதிப்பு என்ற தனிக் கட்டத்தையும் வைத்திருக்கிறது. இந்திய நிர்வாகத் தரவில் பதிப்பு என்ற கருத்து அட்டவணைக்குள்ளேயே இடம்பெற்ற அரிய இடம் இது. அதைப் பயன்படுத்துபவர்களில் பலர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பதிப்புக் கட்டத்தை வெட்டிவிடுகின்றனர் என்பதுதான் குறை. எண் மட்டும் போதும் என்று கொள்பவருக்குப் பிரிவினைக்கு முந்தைய விழுப்புரமும் பிந்தைய விழுப்புரமும் ஒன்றாகவே தெரியும்.

வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டத்தில் அலைபேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. தரவைத் தனியே வைத்து, நிரல் இயங்கும்போதெல்லாம் இணையத்திலிருந்து புதியதை இறக்கிக்கொள்ளும்படி வடிவமைப்பது நகரத்து மேசையில் நன்றாக வேலை செய்யும். மலையூர்களில் வீடு வீடாகச் சென்று மருத்துவப் பதிவு செய்யும் பணியாளரின் கையில் உள்ள கருவியில் அது வெறுமையான பட்டியலைக் காட்டும். எனவே பிரித்துக் கட்டினாலும், நூலகத்தோடு ஒரு பழைய தரவுப் படியை உடனனுப்புவதும், புதியது கிடைக்காதபோது அதைப் பயன்படுத்துவதும், அப்போது அது எந்த நாளின் தரவு என்பதைத் திரையில் தெளிவாகக் காட்டுவதும் தேவை. பழைய தரவால் வரும் பிழையைவிட, பழைய தரவு என்று சொல்லாமல் பயன்படுத்துவதால் வரும் பிழை கொடியது. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே பின்னர் வாணாபுரம் என்ற புதிய வட்டம் உருவானது. அதற்கு முந்தைய தரவை வைத்திருக்கும் கருவி அவ்வட்டத்தின் ஊர்களை வேறு வட்டத்தில் பதியும். ஒவ்வொரு பதிவோடும் தரவின் பதிப்பெண்ணும் சேர்ந்தே சேமிக்கப்பட்டிருந்தால், அவற்றைப் பின்னர் எளிதாகத் திருத்திவிடலாம். இல்லையேல் எந்தப் பதிவு அறியாமையால் எழுதப்பட்டது, எது அறிந்தே எழுதப்பட்டது என்று பிரிக்க வழியில்லை.

ஆய்வாளர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு கட்டுரையின் விடையை மற்றொருவர் மீண்டும் பெற வேண்டுமானால், நிரலின் பதிப்பு, தரவின் பதிப்பு இரண்டும் வேண்டும்; 'அண்மைய தரவு' என்ற சொல் அங்கே பயனற்றது. பூட்டுக் கோப்பு எனப்படும் சிறு கோப்பில் இரண்டு பதிப்பெண்களையும், தரவுக் கோப்பின் எண்ணுருவக் கைரேகையையும் எழுதிவைப்பது வழக்கம். எஸ்எச்ஏ-256 போன்ற முறையால் கணிக்கப்படும் அந்தக் கைரேகை, கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், அதே பதிப்பெண்ணில் யாரேனும் தரவை ஓசையின்றி மாற்றி வைத்திருந்தால் உடனே தெரிந்துவிடும். வெளியிட்ட பதிப்பை மாற்றாமல் புதிய எண்ணோடு மறுபடி வெளியிடுவதே முறை. எழுத்துப் பிழை ஒன்றுதானே என்று பழைய கோப்பிலேயே கைவைப்பதுதான் இத்துறையில் அடிக்கடி நிகழும் தவறு.

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்பதும் மிகையே. தமிழ் எழுத்துகள் 247 என்ற அட்டவணைக்குத் தனிப் பொதியும் பதிப்பெண்ணும் இடுவது வேண்டாத வேலை. அதை மாற்றும் அரசாணை வரப்போவதில்லை. மாற்றுபவர் யார், எவ்வளவு அடிக்கடி மாற்றுவார், மாற்றம் நிரலாளரைக் கேட்டு நடக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை நிரலுக்கு வெளியே இருக்கும்போதுதான் பிரிப்பதன் கூடுதல் சுமை தகும்.

2027 மார்ச் 1ஆம் நாளை மையமாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31 நிலவரப்படி உறைநிலையில் வைக்கப்பட்டுள்ளன. கணக்கெடுப்பு முடியும்வரை புதிய மாவட்டமோ வட்டமோ அதில் நுழையாது. அதன் அட்டவணைகளில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குத் தன் பெயரில் முதன்முறையாக ஒரு வரி கிடைக்கும். அந்த வரியை 2011உடன் ஒப்பிட, பழைய விழுப்புரத்தின் ஊர்களை எடுத்து இன்றைய எல்லைக்குள் வருபவற்றைக் கூட்டி, 2011இல் இல்லாத ஒரு மாவட்டத்துக்கு 2011ஆம் ஆண்டின் எண்ணொன்றைத் தொகுக்க வேண்டியிருக்கும். கணக்கெடுப்புத் துறை அச்சிட்ட 34,58,873 என்ற எண்ணும் இந்தத் தொகுப்பெண்ணும் ஒரே வகையைச் சேர்ந்தவையல்ல; பின்னதை மூலத் தரவின் புதிய பதிப்பாகக் காட்டாமல், எந்த எல்லைகளைக் கொண்டு எந்த நிரலால் பெறப்பட்டது என்ற குறிப்போடு தனிப் பெயரும் தனிப் பதிப்பெண்ணும் உள்ள வேறொரு தரவுப் பொதியாகவே வெளியிட வேண்டும்.